ஊசித்தட்டானோட கலரு வயசால வந்ததா, வெயிலால வந்ததா, பரம்பரையான்னு பிரிச்சுப் பாக்குறது எப்படி

ஐப்பசி மழை பேஞ்சு குட்டையெல்லாம் நெறஞ்சிருக்கற சமயத்துல ஏதாவது ஒரு வாய்க்கா மேட்டுல சித்த நேரம் குத்தவெச்சுப் பாருங்க, கோரைப்புல்லுல வால்நுனி மட்டும் நீலமா, குச்சி மாதிரி மெல்லிசா ஊசித்தட்டான் ஒண்ணு உக்காந்திருக்கும், ஒரு சாண் தள்ளி ஆரஞ்சுல ஒண்ணு, அதுக்குக் கீழ பாசிப்பச்சையா இன்னொண்ணு. எல்லாம் ஒரே சைஸு, ஒரே மாதிரி றெக்கைய மடிச்சு வெச்சிருக்கும். போட்டோ எடுத்து குரூப்ல போட்டா மூணும் மூணு இனம்னு ஒருத்தர் சொல்லுவாரு, தண்ணி கெட்டுப்போனதால கலர் மாறிருச்சுன்னு இன்னொருத்தர் சொல்லுவாரு. ஆனா அந்த மூணும் ஒரே இனமா இருக்க நெறைய வாய்ப்பு இருக்குதுங்க, அதுலயும் நீலவால் வெச்சது ஆணுன்னு கண்ண மூடிட்டு சொல்ல முடியாது.

இதப் பிரிச்சுப் பாக்க லேப் எல்லாம் வேண்டியதில்ல, கேள்விகள சரியான வரிசையில கேட்டாப் போதும். அதுல முக்கியமான கேள்வி ஒண்ணுதான், இந்தக் கலர் எவ்வளவு நேரத்துல மாறுது? மணிக்கணக்குல மாறுனா சூடு குளிர் சமாச்சாரம். நாள்கணக்குல மாறி அப்படியே நின்னுட்டா வயசு. ரெண்டு பூச்சியும் நல்லா வளந்து முத்துனதுக்கு அப்புறமும், ஒரே குட்டையில, ஒரே வெயில்ல, வேற வேற கலர்ல இருந்து கடைசி வரைக்கும் மாறாம இருந்தாத்தான் ஜீன் பக்கம் போகணும். நெறைய பேரு ஜீன்ல இருந்து ஆரம்பிச்சுடறாங்க, அத கடைசியா வைங்க.

தேவையான சாமான் ரொம்ப கம்மி. பக்கத்துல போய் எடுக்கற மாதிரி ஒரு போன் கேமரா, ஒரு வெள்ளத்தாள் துண்டு, நோட்டு, முடிஞ்சா ஒரு பத்து மடங்கு லென்ஸ். மெல்லிசு துணியில செஞ்ச கைவலை இருந்தா இன்னும் நல்லது, ஆனா வெள்ளோடு, நஞ்சராயன் குளம் மாதிரி சரணாலயத்துலயும் ஆனைமலை காட்டுலயும் வனத்துறை அனுமதி இல்லாம வலை போடக்கூடாது, அங்க பாக்கறதும் போட்டோவும் மட்டும்தான். தோட்டத்துக் குட்டை, பரம்பிக்குளம் ஆழியாறு (பிஏபி) வாய்க்கா, கீழ்பவானி வாய்க்காலோட கசிவுத்தண்ணி நிக்கற பள்ளம், நெல்லு வயல், இதெல்லாமே அருமையான எடம்.

பழக ஆரம்பிக்க நான் சொல்றது இஸ்ச்னுரா செனகலென்சிஸ். ஆப்பிரிக்காவுல இருந்து ஜப்பான் வரைக்கும் இருக்கற பூச்சி, நம்மூர்ல டவுனுக்குள்ள இருக்கற குளத்துலயும் கெடைக்கும். ஆணு பச்சை கலந்த நீல நெஞ்சு, வயிறு மேல கருப்பு, நுனிக்குப் பக்கத்துல பளிச்சுனு ஒரு நீலத் துண்டு. கூடவே சுத்துற இஸ்ச்னுரா ரூபிலியோவுக்கும் நுனி நீலம்தான், ஆனா அதோட ஆணுக்கு வயிறு நல்ல மஞ்சள், அதனால குழம்ப வேண்டாம். வயிறு முழுக்க ஒரே எலுமிச்சை மஞ்சளா, நீலமே இல்லாம இருந்தா அது செரியாக்ரியான் கோரமண்டெலியானம், அது வேற கூட்டம்.

மொதல்ல ஆணா பொண்ணான்னு பாருங்க, கலர வெச்சு இல்ல, ஒடம்ப வெச்சு. வயிறுன்னா அந்த வால் மாதிரி நீண்டிருக்கறதுதான், அதுல 10 கணு இருக்கும். பொண்ணுக்கு 8, 9ஆம் கணுவுக்கு அடியில முட்டை வெக்கற உறுப்பு புடைச்சுத் தெரியும், பக்கவாட்டுல பாத்தா நுனி தடிச்ச மாதிரி இருக்கும். ஆணுக்கு அங்க மெலிசா இருந்து கடைசியில குட்டி இடுக்கி இருக்கும், கூடவே வயிறு ஆரம்பிக்கற எடத்துல, 2ஆம் கணுவுக்கு அடியில ஒரு சின்ன மேடு இருக்கும். அதனால போட்டோ எடுக்கறப்ப மேல இருந்து ஒண்ணு மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க, பக்கவாட்டுல வால்நுனி தெளிவா வர்ற மாதிரி ஒண்ணு கண்டிப்பா வேணும். இத ஒழுங்கா பாத்தாலே ஆண் மாதிரி நீலவால் வெச்ச பொண்ணு உங்க கண்ணுல படும், மொத தடவ பாக்கறப்ப அது குடுக்கற சந்தோஷம் தனிங்க.

அடுத்தது வயசு. இதுலதான் முக்கால்வாசி குழப்பம் தீந்துரும். தண்ணிய விட்டு ஏறி தோல் உரிச்ச புதுசுல எல்லா ஊசித்தட்டானும் வெளிறித்தான் இருக்கும், றெக்கை ஈரம் காயாத கண்ணாடித்தாள் மாதிரி மினுங்கும், பறக்கறதும் தள்ளாடித்தான் பறக்கும். அப்புறம் சில நாளுல ஒரு கலர் வரும், முத்துனதும் அது வேற கலராயிரும். செனகலென்சிஸ்ல ஆண் மாதிரி இல்லாத சாதாரண பொண்ணு எளசுல நல்ல ஆரஞ்சு, முத்துனா பாசிப்பச்சை இல்லாட்டி பழுப்பு. ஆக நீங்க கோரையில பாத்த ஆரஞ்சும் பச்சையும் ஒரே வகைப் பொண்ணோட ரெண்டு வயசு, அவ்வளவுதான். நெல்லு வயல்ல திரியற ரொம்பப் பொடிசு இருக்குதுல்ல, அக்ரியோக்னெமிஸ், அதுலயும் இதே கதை. அக்ரியோக்னெமிஸ் ஃபெமினாவுல எளம் பொண்ணு செக்கச்செவேல்னு இருந்து, தோல் உரிச்சு சுமாரா ஒரு வாரத்துல பச்சைக்கு மாறுது. சிவப்பா இருக்கறப்ப வயித்துல முட்டை முத்தியிருக்காது, இணை சேர்றதும் பச்சையவிட கம்மி, குட்டையில சிவப்புங்களே அதிகமா இருந்தாக்கூட அப்படித்தான். நான் இன்னும் தயாராகல, என்னைத் தொந்தரவு பண்ணாதேன்னு ஆணுக்குச் சொல்ற அறிவிப்பு அந்தச் சிவப்புன்னுதான் இத ஆராய்ச்சி பண்ணவங்க முடிவுக்கு வந்திருக்காங்க.

நம்ம காங்கேயம் கன்னுக்குட்டிய நெனச்சுக்கோங்க, ஈனறப்ப செவப்பாத்தான் இருக்கும், ஆறு மாசம் வாக்குல வெளிறி மயிலை ஆயிரும், காளையா வளந்தா திமிலும் முன்சப்பையும் கருக்கும். ஆனா வளந்ததுக்கு அப்புறமும் செவலையாவே நிக்கற மாடும் இருக்குது. கன்னோட செவப்பு வயசு, வளந்த செவலையோட செவப்பு ரத்தத்துல வந்தது, பாக்கறதுக்கு ரெண்டும் செவப்புதான். மாடு வளத்தவங்க யாரும் இத ஒண்ணுன்னு சொல்ல மாட்டாங்க, தட்டான் விஷயத்துலயும் இந்த நிதானம் வேணும்.

கலர் எங்கிருந்து வருதுன்னு கொஞ்சம் தெரிஞ்சா வயசுக் கணக்கு இன்னும் சுலபம். கருப்பு, மேல்தோட்டுல படியற மெலனின்ங்கற நிறமி. மஞ்சள், சிவப்பு, பழுப்பு எல்லாம் தோட்டுக்குக் கீழ இருக்கற செல்லுல ஓமோக்ரோம்ங்கற நிறமி, டிரிப்டோபேன்ங்கற அமினோ அமிலத்துல இருந்து பூச்சியே தயாரிச்சுக்கறது. நீலத்துக்குத் தனியா நிறமியே கெடையாது, அந்த செல்லுக்குள்ள இருக்கற ரொம்ப ரொம்பச் சின்ன உருண்டைங்க வெளிச்சத்தச் சிதறடிச்சு நீலமாக் காட்டுது, அதுக்குப் பின்னாடி இருக்கற கருநிறமி மத்த வெளிச்சத்த முழுங்கிக்குது. அதனாலதான் செத்துப்போன தட்டான்ல நீலம் சீக்கிரம் கருத்துரும், செத்தத வெச்சு கலர் முடிவு பண்ணாதீங்க. மஞ்சள் சிவப்பாகறதுக்கு புது நிறமி கூட வேண்டியதில்லைன்னு 2012ல ஜப்பான்காரங்க காட்டுனாங்க, நம்ம வயல்ல சுத்தற செந்தட்டான் குரோக்கோதெமிஸ் செர்விலியா மாதிரி பெருந்தட்டான்ல (றெக்கைய விரிச்சு உக்கார்ற தடிச்ச தட்டான்) ஆணு முத்தறப்ப, ஏற்கனவே இருக்கற ஓமோக்ரோம் வேதியியல் முறையில ஒடுக்கம் அடைஞ்சு, அதாவது எலக்ட்ரான் சேந்து, செவப்பாகுது. வைட்டமின் சி ஊசி போட்டாக்கூட மஞ்சளா இருந்தது செவக்குது, அந்த அளவுக்கு நேரடியான வேதியியல் அது.

வயசோட வர்ற இன்னொண்ணு வெள்ளப் பூச்சு. சில இனத்துல ஆணு முத்த முத்த நெஞ்சுல, வயித்துல மாவு பூசுன மாதிரி வெள்ளையோ சாம்பல் நீலமோ படியும். அது மெழுகுங்க, ஒடம்புல இருந்து சுரக்கறது, தேச்சா போயிரும். அக்ரியோக்னெமிஸ் ஃபெமினா ஆணு எளசுல வால்நுனி ஆரஞ்சா இருந்து, முத்துனா நெஞ்சு வெள்ளையாகி அந்த ஆரஞ்சும் மங்கிரும், பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா யாரும் ஒரே இனம்னு நம்ப மாட்டாங்க. பூச்சு அங்கங்க வழிச்சுவிட்ட மாதிரி இருந்தா அத தனி வகைன்னு எழுதாதீங்க, பெருந்தட்டான்ல இணை சேர்றப்ப பொண்ணோட கால் பட்டு அழிஞ்ச தடமா இருக்கும்.

அப்புறம் மணிக்கணக்குல மாறுறது. ஆஸ்திரேலியாவுல ஆஸ்ட்ரோலெஸ்டிஸ்னு ஒரு ஊசித்தட்டான், குளிர்ல கருத்த சாம்பலா இருந்து வெயில் ஏறுனா பளிச்சுனு நீலமாகுது, தோல் செல்லுக்குள்ள இருக்கற நிறமித் துகள் மேலயும் கீழயும் நகர்றதாலதான் அது. வட அமெரிக்காவுல ஆர்கியா இனங்கள்லயும் இந்த மாதிரி மாற்றம் பதிவாகியிருக்கு. நம்ம பக்கம் இதச் சோதிக்க மார்கழி மாசம் சரியான காலம். பொழுது கிளம்பறதுக்கு முன்னாடி, பனி ஈரத்தோட அசையாம உக்காந்திருக்கறத ஒரு போட்டோ எடுங்க, அதே பூச்சிய, அதே பக்கத்துல இருந்து, வெயில் நல்லா ஏறுனதுக்கு அப்புறம் இன்னொண்ணு எடுங்க, ரெண்டுலயும் அந்த வெள்ளத்தாள் ஓரத்துல தெரியட்டும். தாளோட வெள்ளை ரெண்டு போட்டோவுலயும் ஒண்ணா இருந்து பூச்சி மட்டும் மாறியிருந்தா அது நெசமான மாற்றம், தாளே மஞ்சளா நீலமா மாறியிருந்தா அது உங்க போனோட வேலை. வெயில்ல எடுத்ததையும் நிழல்ல எடுத்ததையும் பக்கத்துல வெச்சு ஒப்பிடவே கூடாது, ஃபில்டர் பக்கம் போகவே கூடாது.

நெஞ்சுக்கு அடியில சிவப்பா முத்துமுத்தா ஒட்டியிருந்தா அது நிறமே இல்ல, தண்ணிச் சிலந்திப்பேன், தட்டானோட ரத்தம் குடிக்கறது. லென்ஸ்ல பாத்தா தனித்தனி உருண்டையாத் தெரியும்.

இத்தனையும் தாண்டி மிஞ்சுனா ஜீனுக்கு வரலாம். செனகலென்சிஸ்ல முத்துன பொண்ணுங்களே ரெண்டு வகை, ஆண் மாதிரி நீலவால் வெச்சது, ஆண் மாதிரி இல்லாத பச்சை பழுப்பு. இது சாப்பாட்டாலயோ வெயிலாலயோ வர்றது இல்ல, பொறப்பு. இதோட சொந்தக்காரன் ஐரோப்பாவுல இருக்கற இஸ்ச்னுரா எலிகன்ஸ், அதுலதான் இத நல்லா வளத்துப் பாத்திருக்காங்க. அங்க பொண்ணுங்க மூணு வகை, அத ஏ, ஐ, ஓன்னு குறிக்கறாங்க, அதுல 'ஏ'ங்கறது ஆண் சாயல், மத்த ரெண்டும் ஆண் சாயல் இல்லாதது. மூணையும் முடிவு பண்றது ஒரே ஒரு ஜீன் எடம்தான், அதுல மூணு வடிவம் இருக்கு, ஏ மத்த ரெண்டையும் அமுக்கும், ஐ வந்து ஓவ அமுக்கும். ஆக 6 ஜோடி வரலாம், வெளிய தெரியறது 3தான். ஏ-ஓ ஜோடி இருக்கற தாயும் ஓ-ஓ ஜோடி இருக்கற தகப்பனும் சேந்தா மகள்கள்ல பாதி ஆண் சாயல், பாதி ஓ.

இதுல என்னை விடாம புடிச்சு வெச்சிருக்கற விஷயம் என்னன்னா, மகன்களுக்கும் அதே ஜீன் போகுது, ஆனா ஒருத்தன் மேலயும் அது தெரியாது. எல்லா ஆணும் ஒரே மாதிரிதான் இருப்பான். அவன் சுமந்துட்டு இருக்கறது ஏவா ஓவான்னு தெரியணும்னா அவன் மகள்கள் வளந்து நிறம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அதனால குட்டையில பொண்ணுங்கள மட்டும் எண்ணி, அந்த வகை இந்தக் குட்டையிலயே இல்லைன்னு எழுதிடக்கூடாது, ஆணுங்க கிட்ட அது ஒளிஞ்சு இருக்கலாம்.

2024ல எலிகன்ஸோட மரபணுவ முழுசாப் படிச்சவங்க இன்னொண்ணு கண்டுபிடிச்சாங்க. முன்னொரு காலத்துல ஆணும் பொண்ணும் வேற வேற கலர்ல இருந்த வம்சம்தான் அது, அதுல இடம் மாறித் தாவற டிஎன்ஏ துண்டுகளோட வேலையால சுமார் 9 லட்சம் டிஎன்ஏ எழுத்து அளவுக்குப் புதுசா சேந்திருக்கு, அந்தச் சேர்க்கை இருக்கற பொண்ணுதான் ஆண் சாயல்ல வருது. மூணாவது வகை அதுக்கு அப்புறம், அந்தத் துண்டுல ஒரு பாகம் வேற எடத்துக்குப் போய் உக்காந்ததால வந்தது. நமக்கு இதுல என்ன இருக்குன்னா, அந்தப் புதுத் துண்டுல ஒரு பகுதி செனகலென்சிஸோட ஆண் சாயல் பொண்ணுங்க கிட்டயும் இருக்கு. ரெண்டு இனமா பிரியறதுக்கு முன்னாடியே வந்த சங்கதி, நம்ம குளத்தோரத்துல இன்னைக்கும் பறந்துட்டு இருக்குது.

ஏன் ஒரு வகை ஜெயிச்சு இன்னொண்ணு அழியலன்னு கேப்பீங்க. ஆணுங்க பொண்ணுங்கள ஓயாம தொரத்தும், அதனால பொண்ணுக்கு மேயற நேரமும் முட்டை வெக்கற நேரமும் வீணாகுது. ஆணு எந்த வகைய அதிகமாப் பாக்குதோ அதத் தேடிப் பழகிக்கும், அப்ப அரிதா இருக்கற வகை தப்பிச்சுக்கும், தப்பிச்சா அது பெருகும், பெருகுனா அதுக்கும் தொந்தரவு வரும். ஜப்பான்ல செனகலென்சிஸ வெச்சே இதப் பாத்திருக்காங்க. அதனால நீங்க குட்டையில செய்யற எண்ணிக்கைக்கு நெசமாவே மதிப்பு இருக்கு.

எண்ணறதுக்கு இப்படிப் பண்ணுங்க. ஒரே எடம், காலையில ஒரே நேரம், கரையோரமா மெதுவா நடந்துட்டே முத்துன பொண்ணுங்கள மட்டும் எண்ணுங்க, ஆண் சாயல் எத்தனை, பச்சை எத்தனை. ஆரஞ்சு எளசுங்கள தனிக் கட்டத்துல போடுங்க, மொத்தத்துல கலக்காதீங்க. ஆணுங்க எண்ணிக்கையும் வேணும், தொந்தரவோட அளவு அதுல இருந்துதான் தெரியும். ஜோடியா இருக்கறதுல பொண்ணு எந்த வகைன்னும் குறிச்சுக்கோங்க, இந்த இனத்துல ஜோடி சில மணி நேரம் பிரியாம இருக்கும், அதனால நிதானமா பாக்கலாம். ஒரே பூச்சி நாளாக நாளாக மாறுதான்னு தெரியணும்னா புடிச்சு, நாலு றெக்கையும் சேத்து வெரலுக்கு நடுவுல மெதுவா புடிச்சுட்டு, அழியாத மார்க்கர் பேனாவால றெக்கையில ஒரு சின்ன நம்பர் போட்டு விட்டுருங்க. தோல் உரிச்ச புதுசா இருக்கறதத் தொடவே தொடாதீங்க, றெக்கை மடங்கிப் போயிரும்.

இன்னும் உறுதியா வேணும்னா, வளத்துப் பாக்கணும், பொறுமை இருக்கறவங்களுக்கு மட்டும். இணை சேந்து முடிச்ச பொண்ண ஈரமான ஃபில்டர் பேப்பர் வெச்ச டப்பாவுல விட்டா பேப்பருக்குள்ளயே முட்டை வெச்சுரும். அந்த முட்டைய ரெண்டாப் பிரிச்சு ஒண்ண வெதுவெதுப்பான எடத்துலயும் இன்னொண்ண குளுமையான எடத்துலயும் வைங்க. பொரிஞ்சு வர்றதுக்கு மொதல்ல ஆர்ட்டீமியா குஞ்சு (மீன்குஞ்சுக்குப் போடற பொடி இறால் மாதிரி உயிரி), வளந்ததும் கொசுப்புழு. குளோரின் தண்ணி ஆகாது, ஒண்ண ஒண்ணு தின்னுக்கும், அதனால கொஞ்சம் வளந்ததும் தனித்தனி கப்புல போடணும், ஏறி வர ஒரு குச்சி கட்டாயம் வேணும். மகள்கள் முத்துனதும் பாருங்க. ரெண்டு எடத்துலயும் ரெண்டு வகையும் கிட்டத்தட்ட அதே விகிதத்துல வந்தா அது ஜீன், சைஸு, கருப்புக் கோட்டோட தடிப்பு மாதிரி எடத்துக்கு எடம் மாறுனது சூழ்நிலை. ஒரு எச்சரிக்கை, பொண்ணு பல ஆணோட சேந்திருக்கலாம். ஊசித்தட்டான்ல ஆணு முந்தினவனோட விந்த வழிச்சு எடுத்துட்டுத்தான் தன்னோடத வெக்கறான்னு 1979லயே ஒரு இனத்துல காட்டியிருக்காங்க, இருந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அதனால தகப்பன் ஒருத்தன்தான்னு கணக்குப் போட்டுடாதீங்க.

சூழ்நிலை வளந்த தட்டான் மேல மட்டும் வேலை செய்யறது இல்ல, தண்ணிக்குள்ள புழுவா இருக்கறப்பவே ஆரம்பிச்சுருது. ஐரோப்பாவுல கலோப்டெரிக்ஸ்னு றெக்கையில கருநீலப் பட்டை இருக்கற ஊசித்தட்டான், புழுப்பருவத்துல நல்லா சாப்புட்டு வளந்த ஆணுக்குப் பட்டை பெருசா வருது, சோத்துக்குத் தவிச்சு வளந்தா சிறுத்துருது. வட அமெரிக்காவுல தட்டான்களப் பாத்தா சூடு அதிகமான ஊர்ல ஆணுக்கு றெக்கைக் கருப்பு கம்மி, ஏன்னா கருப்பு வெயில உறிஞ்சி ஒடம்ப சூடாக்குது. அந்தக் கலோப்டெரிக்ஸ் குடும்பத்துல நம்ம ஆனைமலை ஓடைகள்ல இருக்கறது நியூரோபேசிஸ் சைனென்சிஸ், ஆணோட பின்றெக்கை மின்னுற பச்சை. அந்தப் பச்சை றெக்கைச் சவ்வோட அடுக்குகள்ல வெளிச்சம் பட்டுத் திரும்பறதால வர்றது, பாக்கற கோணம் மாறுனா கலரும் மாறும், மூடியிருந்தா கருப்பாத்தான் தெரியும். அதனால அதுல நிற வித்தியாசம் சொல்லணும்னா ஒரே கோணத்துல எடுத்த போட்டோ ரெண்டாச்சும் இருக்கணும்.

திருப்பூர்ப் பக்கம் கேக்கற கேள்வி ஒண்ணு, சாயத்தண்ணியால தட்டான் கலர் மாறுமா? தண்ணியில இருக்கற சாயம் ஒடம்புல ஏறி அந்த நெறமா வராது, நிறமிய பூச்சியே செல்லுக்குள்ள செஞ்சுக்குது. கெட்ட தண்ணி செய்யறது அதவிட மோசம், புழுவையும் அது திங்கற எரையையும் கொன்னுபோடுது. கெட்டுப்போன எடத்துல நெறம் மாறுன தட்டானத் தேடாதீங்க, எத்தனை இனம் மிஞ்சியிருக்குன்னு எண்ணுங்க, நொய்யலோட மேல்பக்கம் ஓடைகள்லயும் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்க.

பதிவு போடறப்ப ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி உயிரினப் பதிவு போடற இணையதளத்துல இனப் பேரு போட்டு, குறிப்புல இதெல்லாம் எழுதுங்க: தேதி, நேரம், வெயிலா நிழலா, ஆணா பொண்ணா, அத எந்த உறுப்ப வெச்சு சொல்றீங்க, எளசா முத்துனதா, தனியா இருந்துச்சா ஜோடியா, பக்கத்துல மத்த கலர் எத்தனை இருந்துச்சு. பொண்ணா இருந்தா ஆண் சாயலா இல்லையான்னு மறக்காம போடுங்க, அது இல்லாத போட்டோ பின்னால எண்ணிக்கை எடுக்கறவங்களுக்கு உதவாமப் போயிரும்.